சேவலுக்கு அரை டிக்கெட்: குமரி காமிக்ஸ் ஒன்று அனிமேஷன் காமெடியான விதம்

வடசேரியிலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும் டவுன் பஸ் ஒன்று. ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டும் டிரைவர், விசிலைத் தவிர வேறு பாஷையே இல்லாத கண்டக்டர், கூடையில் சேவலோடு ஏறும் ஒரு பாட்டி. தொடர் முழுக்க முக்கியமான ஆட்கள் இவ்வளவுதான். ஒவ்வொரு இதழிலும் பாட்டி அந்தச் சேவலைச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் பலி கொடுக்க நேர்ச்சையாகக் கொண்டுபோவார். ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் சேவல் கடைசி டிரிப்பில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து ஊர் திரும்பும். இடையில் என்ன கூத்து நடந்தது என்பதுதான் கதை.

வரைந்தவர் திருவட்டார் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தலைமுறை. கறுப்பு மை மட்டும், இதழுக்கு ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், நடுவில் இரண்டு பின். பள்ளிக்கூட வாசல் ஸ்டேஷனரி கடைகளிலும் கொடை நேரத்துக் கடைகளிலும் தொங்கும். இந்தத் தொடரை 14 நிமிட அனிமேஷன் நகைச்சுவைப் படமாக எடுத்தது தக்கலையில் ஒரு மாடி அறையில் வேலை பார்த்த சிறிய குழு. இயக்குநர் மார்த்தாண்டத்துப் பெண். திருவனந்தபுரத்து ஸ்டூடியோ ஒன்றில் அனிமேட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எடிட்டிங் என் வேலை. காமிக்ஸைப் படமாக்க நினைக்கிற மற்றவர்களுக்கு ஆகும் என்று, எந்த முடிவு எதனால் எடுக்கப்பட்டது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பத்திரம்

ஓவியர் சார் கேட்டவுடனே "எடுத்துக்கோ மக்களே, இதுக்கெல்லாம் எதுக்குக் கடலாசு" என்று சொல்லிவிட்டார். இயக்குநர் விடவில்லை. விட்டிருந்தால் பின்னால் இரண்டு பேருக்கும் சங்கடமாகியிருக்கும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு படைப்பைத் தழுவி இன்னொன்றாக்கும் உரிமை படைத்தவருக்குச் சொந்தம். அதை இன்னொருவருக்கு ஒப்படைப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாதவர் கையை விட்டு அது போய்விடும். அனிமேஷன்காரர்களைக் கடிப்பது இந்தக் கடைசி விஷயம்தான். ஒரு வருஷத்தில் ஸ்டோரிபோர்டு முடிந்தாலே பெரிய காரியம். ஆகவே காலத்தை நீட்டி, வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களையும் சேர்த்து எழுதினோம்.

இன்னொன்று அதே சட்டத்தின் பிரிவு 57. உரிமையை விற்ற பிறகும், படைப்பைச் சிதைத்துத் தன் பேருக்குக் கெடுதல் வரும்படி செய்தால் தடுக்கப் படைத்தவருக்கு அதிகாரம் உண்டு. எந்த இதழ்கள், எத்தனை படம், பொம்மை, சட்டை மாதிரிச் சரக்குகளின் உரிமை யாருக்கு என்று ஒவ்வொன்றாக எழுதினோம். ஒரே ஒரு படத்துக்குத்தான் உரிமை. கதாபாத்திரங்கள் எப்போதும் சாருக்கே. சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேப்பரின் ஓரத்தில் சின்னதாக ஒரு சேவலையும் வரைந்துவிட்டார். நோட்டரி ஒன்றும் சொல்லவில்லை.

எந்தக் கதையை எடுப்பது

காமிக்ஸ் தொடரைப் படமாக்கியவர்கள் உலகத்தில் பொதுவாக மூன்று வழியில் போயிருக்கிறார்கள். ஒரே புத்தகத்தை எடுத்து விரிப்பது ஒன்று: 1971-ல் வந்த ஆஸ்டெரிக்ஸ் ஆல்பம் ஒன்றிலிருந்து 2014-ல் எடுத்த பிரெஞ்சு முப்பரிமாணப் படம் அப்படி. பல புத்தகங்களைப் பின்னி ஒன்றாக்குவது இன்னொன்று: 2011-ல் வந்த டின்டின் படத்துக்குள் மூன்று ஆல்பங்கள் இருக்கின்றன. மூன்றாவது, ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு புதுக்கதை எழுதுவது. ஆஸ்டெரிக்ஸை உருவாக்கிய கோஸினியும் உடெர்ஸோவும் 1976-ல் அதைச் செய்தார்கள். அதற்கு முன்னால் ஒரு கதை உண்டு. 1967-ல் வந்த முதல் ஆஸ்டெரிக்ஸ் படம் அவர்கள் இருவருக்கும் தெரியாமலே எடுக்கப்பட்டது, அவர்களுக்கு அது பிடிக்கவுமில்லை. அடுத்த படத்தில் தாங்களே இறங்கினார்கள். 1974-ல் சொந்த ஸ்டூடியோவே தொடங்கினார்கள். இதைச் சொன்னபோது சார் ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

குழு முதலில் போனது இரண்டாவது வழியில். நன்றாக ஓடிய நாலு இதழ்களை எடுத்து, ஒரு நாளின் நாலு டிரிப்புகளாகக் கோத்தார்கள். காகிதத்தில் பார்க்கச் சுகமாக இருந்தது. ஸ்டோரிபோர்டுப் படங்களை வரிசையாக வைத்து, தற்காலிகக் குரலும் சத்தமும் சேர்த்து ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக் தயாரானதும் விஷயம் தெரிந்துவிட்டது. முதல் டிரிப்புக்குச் சிரிப்பு, இரண்டாவதற்குப் புன்னகை, மூன்றாவதில் ஒருவர் போனை எடுத்துவிட்டார்.

காரணம் தொடரின் பிறவிக் குணத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சேவல் தப்பிக்கும் என்று வாசகனுக்குத் தெரியும். எப்படி என்பதுதான் அவனுக்கு வேண்டும். இரண்டு இதழுக்கு நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதால் அது அலுக்காது. 14 நிமிடத்துக்குள் அதே சேவல் நாலு முறை தப்பித்தால், இரண்டாவது முறையிலிருந்து ஆபத்து என்று எதுவுமே இல்லை. ஆபத்து இல்லாத இடத்தில் காமெடிக்கு என்ன வேலை?

சரி, ஒரே இதழை எடுத்து விரிப்போம் என்று திரும்பினார்கள். அப்போது ஒரு கேள்வி வந்தது. இத்தனை இதழிலும் யாரும் கேட்காத கேள்வி: நேர்ந்துவிட்ட சேவலை ஒவ்வொரு முறையும் தவறவிடுகிற பாட்டிக்கு, உண்மையில் அதைக் கொடுக்க மனசு இருக்கிறதா? இயக்குநர் சொன்ன பதில்: இல்லை. பாட்டிதான் ஒவ்வொரு முறையும் காரியத்தைக் கெடுக்கிறார். கண்டக்டருக்கு அது தெரியும். பாட்டி இறங்குவதற்குள் அவர் டபுள் விசில் கொடுப்பது அவசரத்தில் இல்லை, வேண்டுமென்றே.

இதைச் சாரிடம் எப்படிச் சொல்வது என்று எல்லாருக்கும் பயம். பிரிவு 57 ஒரு பக்கம் இருக்கட்டும், மனுஷனின் முகம் வாடிவிடக் கூடாதே. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்கும் தெரியும் மக்களே. ஆனா அதைச் சொல்லிட்டா அடுத்த புக்கு எப்படிப் போடுவேன்?"

தொடர் என்பது பதிலை ஒத்திப்போட்டே உயிர் வாழ்வது. அந்தப் பதிலை வாசகன் தன் மனசுக்குள் ரகசியமாக வைத்திருப்பான். படம் முடிய வேண்டுமென்றால் யாராவது அதை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். வேலை நடக்க நடக்க இதே பிரச்சினை வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருந்தது. வாசகன் சும்மா செய்துகொண்டிருந்த பல வேலைகள் எங்கள் தலையில் விழுந்தன. எதை நாம் செய்வது, எதைப் பார்ப்பவருக்கு விட்டுவைப்பது என்பதுதான் மொத்தப் பஞ்சாயத்தும்.

பக்கம் திருப்புகிற கை

ஒரு காட்சியை மட்டும் கிட்டப் பார்ப்போம். தொடரில் எல்லாருக்கும் பிடித்த கட்டம் அது.

ஐந்தாம் பக்கம், வலது கீழ் மூலை. செக்கிங் இன்ஸ்பெக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இதுக்கு டிக்கெட் எங்க?" என்கிறார். பக்கத்தைத் திருப்புகிறோம். ஆறாம் பக்கம், இடது மேல் மூலை: அலகில் அரை டிக்கெட்டைக் கவ்விக்கொண்டு சேவல் நிமிர்ந்து நிற்கிறது. அடுத்த கட்டத்தில் பஸ் இல்லை. நடுரோட்டில் இன்ஸ்பெக்டர் மட்டும், கையில் ஓரம் கடிபட்ட டிக்கெட்டோடு.

சார் இதைத் தற்செயலாக வைக்கவில்லை. கேள்வியெல்லாம் ஒற்றைப்படைப் பக்கத்தின் அடியில், பதிலெல்லாம் இரட்டைப்படைப் பக்கத்தின் தலையில். எல்லா இதழிலும் இப்படித்தான். திருப்பும் அந்த அரை வினாடி வாசகனின் கையில் இருக்கிறது. அவசரக்காரன் டக்கென்று திருப்புவான், நிதானக்காரன் இன்ஸ்பெக்டர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்புவான். இருவருக்கும் சிரிப்பு அவரவர் நேரத்தில் வரும்.

முதல் அனிமேட்டிக்கில் எல்லாவற்றையும் காட்டினார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கிறார், கூடைக்குள் போடுகிறார், சேவல் குனிகிறது, கவ்வுகிறது, நிமிர்கிறது. அசைவு என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஆனால் சேவல் குனியும்போதே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நிமிரும்போது சிரிக்க ஆள் இல்லை.

கடைசியில் படத்தில் உள்ளது இது. கேமரா இன்ஸ்பெக்டர் முகத்திலேயே நிற்கிறது. அவர் கேட்டுவிட்டுக் கூடையை நோக்கிக் குனிய, முகம் திரைக்குக் கீழே போய்விடுகிறது. எதிரே வெறும் ஜன்னலும் ரப்பர் மரங்களும்தான். கூடை மூடி கிறீச்சிடும் சத்தம். காகிதம் கசங்கும் சத்தம். அவர் மேலே வருகிறார். கையில் ஓரம் கடிபட்ட டிக்கெட். கட். தூரத்துக் காட்சி: டபுள் விசில், பஸ் போகிறது, அவர் ரோட்டில் நிற்கிறார். சேவல் டிக்கெட்டைக் கவ்வுவதை யாருமே பார்ப்பதில்லை. ஆனால் அதைப் பார்த்ததாகவே எல்லாரும் சொல்கிறார்கள்.

சாருக்கு இது பிடிக்கவில்லை. சேவல் டிக்கெட்டோடு நிற்கும் கட்டத்தைத்தான் அவர் அட்டைப்படமாகவே போட்டிருந்தார். "முக்கியமான படத்தையே வெட்டியாச்சே" என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. கடைசியில் அந்த ஓவியம் அவர் வரைந்தபடியே, அசைவில்லாமல், படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது வந்தது. எனக்கு இன்னும் அது கொஞ்சம் ஒட்டவைத்த மாதிரித்தான் தெரிகிறது.

இன்னொரு சின்னக் கணக்கு. திருவட்டார் தாண்டி ஏற்றத்தில் டிரைவர் என்ஜினை நிறுத்துகிற இடம் ஒன்று. அதுவரை காதில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த என்ஜின் சத்தம் நின்று, முழு அமைதி, அப்புறம் ஒரே ஒரு கூவல். காமிக்ஸில் இதற்கு ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. படத்தில் அந்த வெறுமை எத்தனை ஃபிரேம்? ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம். 12 ஃபிரேம் விட்டால் கூவல் என்ஜினின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. 48 விட்டால் ஆட்கள் கூவலை எதிர்பார்த்துவிடுகிறார்கள். 30-ல் நின்றது. அதாவது ஒன்றேகால் வினாடி. இதற்கு விதியெல்லாம் கிடையாது, காதுதான்.

பாவையும் மூட்டும்

14 நிமிடம் என்றால் 20,160 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு ஓவியம் என்று வைத்தாலும் 10,080 ஓவியம், அதுவும் திரையில் ஒரே ஒரு ஆள் அசைந்தால். மாடி அறைக்குழுவுக்கு இது ஆகாத காரியம். ஆகவே கட்-அவுட் முறை: தலை, உடம்பு, மேல்கை, கீழ்கை என்று தனித்தனித் துண்டாக வரைந்து, மூட்டு வைத்து ஆட்டுவது. க்ரிட்டாவில் வரைந்து ஓபன்டூன்ஸில் அசைத்தார்கள். இரண்டுமே இலவசம். ஓபன்டூன்ஸ் 2016-லிருந்து எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள்.

கம்ப்யூட்டரில் இதைக் கற்றுக்கொள்ள ஆயிரம் வீடியோ இருக்கிறது. எங்களுக்கு உதவியது பக்கத்து ஊர்த் தோல்பாவைக் கூத்துக்காரர். குமரி மாவட்டத்தில் வீட்டுக்குள் மராத்தி பேசி, திரைக்குப் பின்னால் தமிழில் ராமாயணம் நடத்தும் கலைஞர் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. அவர் பெட்டியைத் திறந்து பாவைகளைக் காட்டினார். ராமனுக்கு அசைவு கொஞ்சம். வந்தால் நிற்பான், கை உயர்த்துவான். உச்சிக்குடுமிக்கும் உளுவத்தலையனுக்கும் கை கால் எல்லாம் ஆட்டம். கூத்தில் சிரிப்பு மூட்டுகிற ஜோடி அது. கதைக்கு நடுவே வந்து ஊர் வம்பு பேசி, அடித்துக்கொண்டு போவார்கள்.

"எல்லாத்தையும் ஆட்டாதிய. ஒருத்தன் ஆடும்போது இன்னொருத்தன் சும்மா நிக்கணும், கேட்டியளா. அப்பந்தான் சனம் யாரப் பாக்கணும்னு தெரியும்" என்றார். இதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். பஸ்ஸுக்குள் பயணிகள் ஒருவரும் அசையமாட்டார்கள், வளைவில் சாய்வதைத் தவிர. டிரைவர் பேசும்போது கண்டக்டர் சிலை. கண்டக்டர் விசில் ஊதும்போது டிரைவர் வாய் மூடும். வேலை பாதியாகக் குறைந்தது, காமெடி தெளிவானது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

சாரின் கோட்டில் இன்னொரு சிக்கல். சேவலின் கொண்டையை அவர் எப்போதும் பக்கவாட்டில்தான் வரைவார், முகம் நேராகப் பார்த்தாலும்! காகிதத்தில் யாரும் கவனிப்பதில்லை. சேவல் தலையைத் திருப்பினால் கொண்டை எங்கே போகும்? 2015-ல் பீனட்ஸ் காமிக்ஸை முப்பரிமாணப் படமாக எடுத்தவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. சார்லஸ் ஷூல்ஸ் வரைந்த சார்லி பிரவுனின் தலைமயிர்ச் சுருளும் கண்ணும் எல்லாக் கோணத்திலும் சரியாக உட்காராது. அவர்கள் ஷூல்ஸ் வரைந்த சில கோணங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டக்கென்று தாவவைத்தார்கள். இங்கேயும் அதுதான். சேவல் தலையைத் திருப்பாது, தாவும். நிஜச் சேவலும் தலையை வெட்டி வெட்டித்தான் திருப்புகிறது என்பது எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த லாபம்.

பஸ் ஓடுவதைக் காட்டப் பணம் செலவாகவில்லை. ரப்பர் தோட்டத்தில் மரங்கள் வரிசை பிடித்து நட்டிருப்பார்கள். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் வரிசைகள் விரிந்து, ஒரு கணம் நேர்ச்சந்து தெரிந்து, மறுபடி மூடிக்கொள்ளும். குலசேகரம் ரோட்டில் போகிற எல்லாருக்கும் இது தெரியும். கிட்ட உள்ள மரம், தள்ளி உள்ளது, அதற்கும் பின்னால் உள்ளது, மலை என்று நாலு அடுக்காக வரைந்து வேறு வேறு வேகத்தில் நகர்த்தினால் அந்த விரிதலும் மூடலும் தானாக வந்துவிடுகிறது. பால் வெட்டின கோடு, அடியில் சிரட்டை, மழைக்குக் கட்டின பிளாஸ்டிக் பாவாடை எல்லாம் முதல் அடுக்கில் மட்டும்.

வண்ணத்தில்தான் எனக்கு முழுத் திருப்தி இல்லை. கறுப்பு வெள்ளையில் சாரின் கோடு தடித்து நின்றது. பச்சை பின்னால் வந்ததும் கோடு ஒல்லியாகிவிட்டது. சிவப்பைச் சேவலுக்கும் பஸ்ஸின் பின்விளக்குக்கும் மட்டும் என்று ஒதுக்கியதால் கண் தவறாமல் சேவலைப் பிடிக்கிறது, அந்த மட்டும் நல்லது.

விசிலும் வாயும்

காகிதத்தில் விசில் என்பது 'பீப்' என்று பெரிய எழுத்து. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், படிப்பவருக்குக் காது வலிக்காது. படத்தில் கண்டக்டர் பேசுவதற்கெல்லாம் நிஜ விசிலைப் போட்டபோது மூன்றாவது நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஒற்றை விசில் நிறுத்து, இரட்டை விசில் போகலாம். பஸ்ஸில் ஏறுகிற எல்லாருக்கும் இது பாடம். அந்த இரண்டை மட்டும் முழுச் சத்தத்தில் வைத்தோம். மற்றதெல்லாம் உதட்டில் விசிலை வைத்துக்கொண்டு விடும் மூச்சு: இழுப்பு, பெருமூச்சு, அரைகுறை கீச்சு. கண்டக்டர் ஒரு மனிதராக மாறியது அதற்கப்புறம்தான் என்பேன். க்ளைமாக்ஸில் பாட்டி சொன்ன இடம் வருகிறது, ஒற்றை விசில் கேட்க வேண்டும், கேட்கவில்லை. மூச்சு மட்டும் போய் வருகிறது. பாட்டி திரும்பிப் பார்க்கிறார். பதில் வெளியே வந்தது அப்படித்தான், ஒரு வசனமும் இல்லாமல்.

அனிமேஷனில் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்பப் படத்தை அசைப்பதுதான் வழக்கம். டிரைவருக்கும் பாட்டிக்கும் அந்தக் கூத்துக்காரரே பேசினார். கூத்தில் ஒரே ஆள்தானே அத்தனை பேருக்கும் குரல். டிரைவரும் பாட்டியும் சண்டை போடும் காட்சியை ஒரே மூச்சில், ஒருவர் பேச்சுக்குள் இன்னொருவர் நுழைகிற மாதிரி பேசிவிட்டுப் போனார். ஆனால் முதலில் பேசியதில் உயிர் இல்லை. சனம் இல்லாமல் அவருக்கு வரவில்லை. அப்புறம் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி எதிரே உட்காரவைத்தோம். பிள்ளைகள் சிரித்தபோது அவர் நிறுத்தினார், சிரிப்பு அடங்கும் தறுவாயில் அடுத்த வார்த்தையை வைத்தார். அந்த இடைவெளிகளை நான் வெட்டாமல் வைத்தேன். பின்னால் திரையிட்டபோது அவை கிட்டத்தட்டச் சரியாகவே பொருந்தின.

உதட்டசைவு ஒரு பெரிய வேலை. அதைத் தப்பித்த கதை சாரின் புண்ணியம். பாட்டி எப்போதும் வெற்றிலை மெல்லுகிறார்; பேசினாலும் பேசாவிட்டாலும் வாய் ஒரே மாதிரி ஆடும். கண்டக்டர் வாயில் விசில். டிரைவரை முதுகுப்பக்கமிருந்தும், உள்கண்ணாடியில் கண்ணை மட்டும் காட்டியும் சமாளித்தாயிற்று. படம் முழுக்க உதடு ஒத்துப் பேசுகிற ஆள் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். அவருக்குத்தான் வசனமே குறைவு.

பேச்சு வழக்கில் ஒரு குறை தங்கிவிட்டது. டிரைவர் விளவங்கோட்டுக்காரர், பாட்டி தோவாளைக்காரர் என்று எழுதியிருந்தது. கிழக்கே தோவாளைப் பக்கத்துப் பேச்சு திருநெல்வேலி வாடை, மேற்கே விளவங்கோட்டுப் பேச்சில் மலையாள இழுப்பு. குரல் கொடுத்தவர் கிழக்கத்தி ஆள். குலசேகரத்தில் பார்த்தவர்கள் "டிரைவர் நம்ம ஆளு இல்ல" என்று சட்டென்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

படிப்பகத்தில் போட்டுப் பார்த்தது

அசைவு முடிந்து வண்ணம் பாதி நிரம்பிய நிலையில் ஒரு ஊர்ப் படிப்பகத்தில் திரை கட்டிப் போட்டோம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி இருக்கிற மாவட்டத்தார் இல்லையா, காமெடி என்றால் எல்லாரும் நீதிபதிதான். கருத்துக் கேட்டுப் படிவம் கொடுக்கவில்லை. அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து, எடிட்டிங்கில் படத்துக்குக் கீழே அந்த ட்ராக்கைப் போட்டேன். எங்கே சிரிப்பு எழுந்தது, எங்கே நாற்காலி கிறீச்சிட்டது, எந்த வசனத்தைச் சிரிப்பு விழுங்கியது என்று ஒலியின் அலைவடிவத்திலேயே தெரியும். இது எல்லாருக்கும் சிபாரிசு செய்யக்கூடிய வழி. "நல்லா இருந்துச்சு" என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறவர்கள் இருட்டில் பொய் சிரிப்பு சிரிப்பதில்லை.

இரண்டு இடத்தில் பாட்டியின் வசனம் சிரிப்பில் மூழ்கியது. அங்கே வசனத்தைத் தள்ளிவைத்தோம், நடுவில் பாட்டி வெற்றிலையைத் துப்புகிறார். கொடைக் காட்சியில் வில்லுப்பாட்டு நீண்டது. குடம் தட்டும் தாளம் நன்றாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வைத்தது, அதில் பாதி போயிற்று. அரிவாள் எங்கும் திரையில் வராது என்பது முதலிலேயே எடுத்த முடிவு. குழந்தைகள் யாரும் பயப்படவில்லை. (நிஜச் சேவலை வைத்து எடுத்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் சான்றுக்கு அலைய வேண்டியிருந்திருக்கும். வரைந்த சேவலுக்கு அந்தத் தொல்லை இல்லை.)

அன்றைக்குக் கிடைத்த பெரிய லாபம் ஒரு சிறுமி சத்தமாகச் சொன்னது: "பாட்டிக்கு எதுக்கு டிக்கெட்?" அறையே சிரித்தது. காமிக்ஸ் பழையது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காமிக்ஸில் பாட்டிக்கு முழு டிக்கெட், சேவலுக்கு அரை. இப்போது பாட்டிக்குக் காசே கிடையாது, சேவலுக்கு உண்டு. காட்சியைத் திருப்பி எழுதினார் இயக்குநர். "எனக்கே நீ காசு வாங்கல, இந்தச் சீவன்கிட்ட வாங்குதியே, வெக்கமா இல்லியா?" என்று பாட்டி கேட்க, கண்டக்டர் விசில் மூச்சில் மன்னிப்புக் கேட்கிறார். படத்தில் அதிகம் சிரிப்பு வாங்குகிற வசனம் இன்றைக்கு இதுதான். கோழியாக இருந்திருந்தால் அதற்கும் இலவசம் என்று வாதாடலாமே என்று யாரோ சொன்னதையும் டிரைவர் வாயில் போட்டுவிட்டோம்.

ஒப்பந்தப்படி வசன மாற்றத்துக்குச் சாரின் சம்மதம் வேண்டும். போனில் வாசித்துக் காட்டியதும் சிரித்துவிட்டு, "இது எனக்குத் தோணலியே" என்றார். அடுத்த இதழில் அவரே பாட்டியின் டிக்கெட்டை எடுத்துவிட்டார். படத்திலிருந்து காமிக்ஸுக்குப் போன ஒரே விஷயம் அது. பாட்டிக்கு மனசில்லை என்ற ரகசியத்தை மட்டும் அவர் தொடவில்லை. இதழ்களில் இன்னும் சேவல் கொடைக்குப் போகிறது, திரும்பி வருகிறது.

இரண்டாவது படம் பற்றிப் பேச்சு நடக்கிறது. பத்திரத்தில் ஒரு படம்தான் என்பதால் புதிதாக எழுத வேண்டும். டிரைவரையும் கண்டக்டரையும் பஸ்ஸையும் தருவதாகச் சார் சொல்லிவிட்டார். சேவலைத் தரமாட்டாராம்.